ஆக்கள் காணுமோ, கடை ஓடுமோ?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில பாதிக்கு மேல கடை பற்றித்தான். கடை போடலாமோ, போட்ட கடை ஏன் ஓடுதில்லை, எங்கட பக்கம் ஏன் நல்ல கடை இல்லை எண்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கத்தால ஒரே விசயத்தைத்தான் கேட்டிருக்கிறியள். ஆனபடியால பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டன், மற்றக் கேள்வி எழுதினவை அடுத்த இதழ் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி: அக்கா, நாங்கள் யாழ்ப்பாண நகரத்தில கொழும்புத்துறைப் பக்கம். மனுசன் கட்டாரில கன வருசம் நிண்டிட்டு இப்ப ஒரேயடியா வந்திட்டார். கையில கொஞ்சக் காசு இருக்கு. வீட்டின்ர முன் அறையில ஷட்டர் போட்டு பலசரக்குக் கடை தொடங்குவம் எண்டு நிக்கிறார். எங்கட ஒழுங்கை மெயின் றோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு, சுத்தவர ஏற்கனவே நாலு கடை இருக்கு. மாமி என்னெண்டா "இஞ்ச ஆக்களே இல்லை, ஆருக்குக் கடை?" எண்டு கேக்கிறா. ஒரு கடையைத் தாங்கிற அளவுக்கு எங்கட பக்கம் சனம் இருக்கோ, அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?
– கொழும்புத்துறை வாசகி

பதில்: தங்கச்சி, மாமி கேட்டதுதான் முதல் கேக்கவேண்டிய கேள்வி. எங்கட ஆக்கள் கடை எண்டு வெளிக்கிட்டா முதல்ல ஷட்டருக்கு விலை கேப்பினம், பிறகு ராக்கை, பிரிட்ஜ், பெயர்ப்பலகை எண்டு போவினம், வாங்கப்போறது ஆர், எத்தனை வீடு எண்டு எண்ணிப் பாக்கிறவை குறைவு. நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில கன காலம் கணக்கு எழுதின ஆள், கிளைக் கடை ஒண்டு நல்லா ஓடுறதும் மற்றது படுக்கிறதும் சுத்தியிருக்கிற வீடுகளாலதான் எண்டு கொப்பியில பாத்துப் பாத்துப் பழகினது.

முதல்ல பெரிய கணக்கு. 1981 குடிசன மதிப்பில யாழ்ப்பாண நகரத்தில ஒரு லட்சத்து 18 ஆயிரம் பேர் இருந்தவை, 2012 மதிப்பில 88 ஆயிரம். இடையில என்ன நடந்தது எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, 1990 இல முஸ்லிம் சனத்தை வெளியேத்தினது, 95 ஒக்ரோபர் கடைசியில ஊர் முழுக்க எழும்பிப் போனது, அதுக்கு முன்னும் பின்னும் கனடா, லண்டன், பிரான்ஸ் எண்டு போனது. சந்தியள், றோட்டுக்கரைக் கட்டடங்கள், பழைய கடை அறையள் எல்லாம் கூடின சனத்துக்கு எண்டு வந்தது, இருக்கிறது குறைஞ்ச சனம். மாமிக்கு "ஆக்களே இல்லை" எண்டு தெரியிறது அதாலதான், அவ அந்தக் காலச் சந்தியைக் கண்ட ஆள்.

எண்டாலும் ஆக்கள் இல்லாமல் இல்லை. மாநகர சபை எல்லை ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர். 88 ஆயிரத்தை அதால பிரிச்சா ஒரு சதுர கிலோமீற்றருக்கு 4,300 பேருக்கு மேல வரும். ஒரு சின்னக் கடைக்கு நடந்து வாற தூரம் அஞ்சு நிமிசம், அதாவது 400 மீற்றர் எண்டு வைப்பம், அந்த வட்டத்துக்குள்ள அரைச் சதுர கிலோமீற்றர் நிலம் வரும், அப்ப 2,200 பேர் மட்டில, வீட்டுக்கு நாலு பேர் எண்டு போட்டா 550 வீடு. இது நகரத்தின்ர சராசரி தங்கச்சி, உங்கட பக்கம் காணி பெரிசு, தோட்டம் துரவு, கடற்கரை எல்லாம் இருக்கிறதால சராசரியை விடக் குறைஞ்சுதான் வரும்.

பிறகு வட்டம் எண்டிறது கடதாசியில கீறுறது. எங்கட ஊரில மதிலைப் பாய்ஞ்சு ஆரும் கடைக்கு வாறதில்லை, ஒழுங்கையால சுத்தித்தான் வரவேணும், குச்சொழுங்கை முடிஞ்சு நிண்டா திரும்பி வந்து மற்றப் பக்கத்தால போகவேணும், பின் வளவுக்கு அங்கால இருக்கிற வீடு நேரா 50 மீற்றர் எண்டாலும் நடக்கப் போனா 400 மீற்றர் வரும், அந்த வீட்டுக்காரர் உங்கட கடைக்கு வரமாட்டினம், தங்கட ஒழுங்கை முடக்கில இருக்கிற கடைக்குத்தான் போவினம். ஆனபடியால படத்தில பாக்காமல் நடந்து பாக்கச் சொல்லுங்கோ மனுசனை.

நடக்கிறதெண்டா இரவு ஏழு மணிக்கு நடக்கச் சொல்லுங்கோ. லைற் எரியிற வீட்டை எண்ணவேணும், அதிலயும் முன் கேற்றில மட்டும் ஒரு பல்ப் எரிஞ்சு உள்ளுக்கு இருட்டா இருந்தா அது வெளிநாட்டுக்காரரின்ர வீடு, பாத்துக்கொள்ளுற ஆள் பின்னேரம் வந்து சுவிச்சைப் போட்டிட்டுப் போயிருப்பார், அதை எண்ணக்கூடாது. குசினிப் பக்கம் வெளிச்சம், ரீவிச் சத்தம், முத்தத்தில பைக், கொடியில பிள்ளையளின்ர பள்ளிக்கூட உடுப்பு, இதுகள் இருந்தா ஒரு வீடு எண்டு போடலாம். விதானையாரிட்ட, அதுதான் கிராம அலுவலரிட்டக் கேட்டா பதிவில எத்தனை குடும்பம் எண்டு சொல்லுவார், அதையும் கேளுங்கோ, ஆனா பதிவில இருக்கிற குடும்பம் எல்லாம் நாளாந்தம் படலை திறக்கிற குடும்பம் இல்லை. ரெண்டுக்கும் நடுவில இருக்கிற வித்தியாசம்தான் கன கடையை மூட வைச்சது.

இனிக் காசு. 2019 இல அரசாங்கம் எடுத்த வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பில நாட்டில ஒரு குடும்பத்தின்ர மாதச் செலவு சராசரி 63,130 ரூபா, அதில சாப்பாட்டுக்கு 35 வீதம், அண்ணளவா 22 ஆயிரம். பிறகு 2022 வந்தது. அந்த செப்டெம்பரில கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுச் சாமான் ஒரு வருசத்துக்குள்ள 94.9 வீதம் ஏறினது, ஏறின விலை பழைய இடத்துக்குத் திரும்பி வரவும் இல்லை. அப்ப இண்டைக்குச் சாப்பாட்டுச் செலவு 40 ஆயிரத்துக்கு மேல எண்டு வையுங்கோ. இதில மீன் பாசையூரில, மரக்கறி சந்தையில, அரிசி மூட்டையா வேற இடத்தில, மாதச் சாமான் ரவுணில எண்டு போக ஒழுங்கைக் கடைக்கு மிஞ்சுறது கொஞ்சம்தான். வீட்டுக்கு மாதம் 5,000 ரூபா எண்டு நான் போடுறன், இது என்ர ஊகம், நீங்கள் உங்கட ஒழுங்கையில நாலைஞ்சு வீட்டில கேட்டு மாத்திக்கொள்ளுங்கோ.

550 வீட்டை அஞ்சு கடை பங்கு போட்டா கடைக்கு 110 வீடு. 110 வீடு, 5,000 ரூபா, மாதம் அஞ்சரை லட்சம் வியாபாரம். பெரிசாக் கிடக்கு எண்டு சந்தோசப்படாதையுங்கோ, அது வியாபாரம், உழைப்பு இல்லை. சீனி, மா, பால்மாவில நிக்கிறது சொற்பம், பிஸ்கற், சவுக்காரம், சில்லறைச் சாமானில கொஞ்சம் கூட, எல்லாம் கலந்து 10 வீதம் எண்டு பிடிச்சா 55 ஆயிரம். அதில கரண்ட் பில், பழுதாப் போறது, எலி கடிக்கிறது, திரும்பி வராத கடன் எல்லாம் கழிச்சா 40 ஆயிரம் மிஞ்சும். சொந்த வீடு, நீங்களும் மனுசனும் மாறி மாறி நிக்கிறியள் எண்டா அது ஒரு வருமானம். இதே கடைக்கு 25 ஆயிரம் வாடகையும் ஒரு பொடியனுக்குச் சம்பளமும் குடுத்தா மிச்சம் ஒண்டுமில்லை. அமெரிக்காவில ஒரு மூலைக்கடைக்கு ஏறக்குறைய 1,000 வீடு வேணும் எண்டு அங்க கடையளுக்குத் திட்டம் போடுறவை கணக்கு வைப்பினம், அது வாடகையும் சம்பளமும் குடுத்து நடத்திற கடைக்கு, கார் வைச்சிருக்கிற ஊருக்கு. எங்கட ஒழுங்கைக் கடை அதில காவாசிக்கும் குறைஞ்ச வீட்டில உயிர் வாழுறது வாடகையும் சம்பளமும் இல்லாததாலதான்.

அந்த 110 வீடு உங்களிட்ட என்னத்துக்கு வரும் எண்டும் யோசியுங்கோ. விடிய ஆறரைக்கு ஒரு பிள்ளை பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோட பாதி வெளிக்கிட்டபடி ஓடி வரும், ஒரு றாத்தல் பாண், 50 கிராம் தேயிலை, ஒரு ஷாம்பூ பக்கற், "அம்மா பின்னேரம் தாறனெண்டவ". நீங்கள் கடன் எழுதிற சீ.ஆர் கொப்பியை எடுத்து பேர் எழுதமாட்டியள், "மாமரத்தடி வீடு" எண்டுதான் எழுதுவியள், அதுக்குக் கீழ "ட்ரைவர் வீடு", "ரீச்சர் வீடு". ஒழுங்கைக் கடையின்ர முதல் அந்தக் கொப்பிக்குள்ளதான் கிடக்கும். சூப்பர் மார்க்கெற்றில கிடைக்காத ஒண்டு அந்தக் கடன், ஆனா அதை எவ்வளவுக்கு விடலாம் எண்டு தொடங்க முதலே ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்து வையுங்கோ. போட்ட முதலில மூண்டில ஒரு பங்குக்கு மேல கொப்பிக்குள்ள போச்செண்டா சாமான் போடுற கம்பனி ரெப்மார் வாற நாள் குடுக்கக் காசு இருக்காது, சாமான் குறையும், சாமான் குறைய ஆக்கள் குறைவினம்.

நான் சொல்லுறது இதுதான். லைற் எரியிற வீடு 300 க்குக் குறைவெண்டா அஞ்சாவது பலசரக்குக் கடை வேண்டாம், அந்த நாலு பேரின்ர சோத்திலயும் கை வைச்சு நீங்களும் அரைவயிறாத்தான் இருப்பியள். 300 க்கு மேல எண்டா போடலாம், ஆனா நாலு கடையிலயும் இல்லாத ஒண்டை முன்னுக்கு வையுங்கோ. விடியக் காலமை மரக்கறி எடுத்து அரைக் கிலோ கால் கிலோவா விக்கிறது, வறுத்த இடியப்ப மா, கறித்தூள் திரிச்சுக் குடுக்கிறது, காஸ் சிலிண்டர், போட்டோக் கொப்பி, எது உங்கட சனத்தை இப்ப ரவுணுக்கு ஓட வைக்குதோ அது. அதைக் கண்டுபிடிக்கிறது லேசு, பின்னேரம் அஞ்சுக்கும் ஏழுக்கும் இடையில ஒழுங்கை வாசலில நிண்டு பைக்கில வாறவையின்ர ஹாண்டிலில தொங்கிற பையைப் பாருங்கோ. நகையை அடைவு வைக்காதையுங்கோ. வியாபாரப் பதிவை பிரதேச செயலகத்தில எடுங்கோ, மாநகர சபை அனுமதிப்பத்திரம் வேற. வீட்டு மீற்றரில கடைக்குக் கரண்ட் எடுக்கேலாது, பொதுத் தேவை மீற்றர் கேக்கவேணும், அதின்ர கட்டணமும் வேற, முதலே விசாரிச்சு செலவில போடுங்கோ.

கேள்வி: தங்கச்சி, நான் ரொறன்ரோவில இருக்கிறன். நல்லூர்ப் பக்கம் எனக்கு எட்டுப் பரப்புக் காணி, அதில பழைய வீடு ஒண்டு பூட்டிக்கிடக்கு. அதை இடிச்சுப்போட்டு றோட்டுப் பக்கமா ஆறு கடை அறை கட்டினா ஒவ்வொண்டுக்கும் மாதம் 40 ஆயிரம் வாடகை வரும் எண்டு அங்க ஒருத்தர் சொல்லுறார். ஓகஸ்ட்டில வந்து நிண்டபோது றோட்டு முழுக்கச் சனம், எனக்கும் நம்பிக்கையா இருக்கு. என்ன சொல்லுறியள்?
– ரொறன்ரோ வாசகர்

பதில்: அண்ணை, நீங்கள் கண்டது கந்தசாமியாரிட்ட வந்த சனம். 25 நாள் திருவிழாவுக்குக் குடாநாடு முழுக்கவும் வெளிநாட்டில இருந்தும் வந்த ஆக்கள், அவை சவுக்காரமும் தேங்காயும் வாங்க வரேல்லை. அந்த நாளையில வியாபாரம் நடக்கிறது தற்காலிகக் கொட்டிலுகளில. கொடி இறங்கிப் பூங்காவனமும் முடிய அந்த றோட்டில ஆர் மிஞ்சுகினமோ அவைதான் உங்கட கடை அறைக்கு வாடகை கட்டப்போற சனம். ஒருக்கா பெப்ரவரியில வந்து, கோயில் விசேசம் ஒண்டும் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே இடத்தில நிண்டு பாருங்கோ.

வாடகைக் கணக்கையும் பாப்பம். பலசரக்குக் கடைக்காரன் ஒருத்தன் 40 ஆயிரம் வாடகை கட்ட 10 வீத லாபத்தில நாலு லட்சத்துக்கு விக்கவேணும், அது வாடகைக்கு மட்டும், தன்ர வீட்டுச் செலவுக்கு இன்னும் விக்கவேணும். வீட்டுக்கு 5,000 எண்ட மேல்க் கணக்கில அது 80 வீடு. ஆறு கடைக்கும் 480 வீடு, உங்களுக்கு வாடகை தரவே 480 வீட்டின்ர வியாபாரம் முடிஞ்சு போகுது. எல்லாம் பலசரக்குக் கடை இல்லைத்தான், உடுப்புக் கடையில லாபம் கூட, சலூனில, பார்மசியில கணக்கு வேற, ஆனா உடுப்புக்கு சனம் பக்கத்துக் கடையைத் தேடுறேல்லை, கஸ்தூரியார் வீதிப் பக்கமோ பெரியகடைப் பக்கமோ போய் நாலு கடை ஏறி இறங்கித்தான் எடுப்பினம், சலூன் ஒரு ஒழுங்கைக்கு ரெண்டு தேவைப்படாது. முன்னுக்கு "வாடகைக்கு" எண்டு பேப்பர் ஒட்டி ஷட்டர் கறள் பிடிச்சுக் கிடக்கிற புதுக் கட்டடங்கள் ரவுணைச் சுத்தி எத்தனை எண்டு நீங்கள் அடுத்த முறை வரேக்க பாருங்கோ, கட்டினதில கன பேர் உங்களைப் போல வெளிநாட்டில இருந்து நல்ல மனதோட காசு அனுப்பின ஆக்கள், அவையைப் பாக்க எனக்கு உண்மையிலேயே வயிறு எரியும்.

அண்ணை, எங்கட ஊரில இப்ப கடை அறை குறைவில்லை, கடைக்கு வாற குடும்பம்தான் குறைவு. கடை அறை கட்டினா ஷட்டர் கூடும், வாங்கிற ஆக்கள் ஒருத்தரும் கூடமாட்டினம். அந்த வீட்டை இடிக்காமல் திருத்தி ஒரு குடும்பத்தை இருத்துங்கோ. மிச்சக் காணியில கட்டத்தான் வேணும் எண்டா றோட்டுப் பக்கம் ரெண்டே ரெண்டு கடை அறை, மேலயும் பின்னாலயும் குடும்பங்கள் இருக்கக்கூடிய வீடு நாலு. பெரியாஸ்பத்திரியில வேலை செய்யிற நேர்ஸ்மார், வெளி மாவட்டத்தில இருந்து மாற்றம் கிடைச்சு வாற உத்தியோகத்தர், ரீச்சர்மார் நல்ல வீடு தேடி அலையினம். அவை இருந்தா உங்கட ரெண்டு கடைக்கும் ஆக்கள், பக்கத்தில கடை வைச்சிருக்கிற ஏழைச் சனத்துக்கும் ஆக்கள். பூட்டின வீடு ஒண்டு திறந்தா அந்த ஒழுங்கைக் கடைக்கு மாதம் ஒரு வீட்டுக் கொப்பி கூடும், வெளிநாட்டில இருக்கிற எல்லாரிட்டயும் நான் கெஞ்சிக் கேக்கிறது அதைத்தான்.

கேள்வி: நான் ஏ.எல் படிக்கிறன், புவியியல். கிறிஸ்ராலரின்ர மைய இடக் கோட்பாடு எங்கட யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துமோ? ரியூசனில கேட்டா பரீட்சைக்கு வராது எண்டிட்டினம்.
– மானிப்பாய் மாணவி

பதில்: பிள்ளை, பரீட்சைக்கு வந்தாலும் வராட்டிலும் சந்தைக்குப் போற ஆக்களுக்கு அது தேவைதான். வால்ரர் கிறிஸ்ராலர் 1933 இல தெற்கு ஜேர்மனியை வைச்சு எழுதினவர். அவர் சொன்னதில ரெண்டு விசயம், ஒரு வியாபாரம் நிலைக்க ஆகக் குறைஞ்சது இத்தனை ஆக்கள் வேணும், அந்தச் சாமானுக்காக ஆக்கள் ஆகக் கூடினது இவ்வளவு தூரம்தான் வருவினம். பாணுக்கு ஆக்கள் குறையக் காணும், தூரம் போகமாட்டினம், ஆனபடியால பாண் எல்லா ஒழுங்கையிலயும். நகைக்கு ஆக்கள் கூட வேணும், ஆனா கலியாணத்துக்குத் தாலிக்கொடி எடுக்க பருத்தித்துறையில இருந்தும் வருவினம், ஆனபடியால நகைக்கடையள் ரவுணில ஒரே பக்கமாக் குவிஞ்சிருக்கு. ரெண்டுக்கும் நடுவில சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி. வலிகாமத்துக்கு ஒண்டு, வடமராட்சிக்கு ஒண்டு, தென்மராட்சிக்கு ஒண்டு எண்டு சந்தையும் வங்கியும் பஸ் நிலையமும் சேர்ந்து நிக்கிறதைப் பாத்தா கோட்பாட்டின்ர படம் அப்பிடியே தெரியும்.

பொருந்தாத இடமும் இருக்கு. அவர் சம தரையில எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சனம், ஒரே மாதிரிப் போக்குவரத்து எண்டு வைச்சுத்தான் தொடங்கினவர். எங்களுக்கு மூண்டு பக்கமும் கடல், நடுவில நீரேரி, அதோட பாதை திறந்து மூடிக் கிடந்த ஊர். தென்பகுதிக்குப் போற ஏ9 றோட்டுப் பூட்டின காலத்தில சாமான் கப்பலில வந்தது, அப்ப தூரத்தை விட எங்க சாமான் இருக்கு எண்டதுதான் கடையைத் தீர்மானிச்சது, 2009 க்குப் பிறகு பாதை திறக்க எல்லாம் மாறினது. கோட்பாட்டை எழுதிப்போட்டு இதையும் சேர்த்து எழுதினா நல்ல விடை.

கேள்வி: அக்கா, யாழ் பல்கலைக்கழகக் கம்பஸுக்குக் கிட்ட, திருநெல்வேலியில கடை வைச்சிருக்கிறன். பொடி பெட்டையள் நிக்கிற காலம் நிக்க நேரமில்லை, லீவு விட்டா ஈ ஓட்டுறன். இது ஆக்கள் காணாத இடமோ, காணும் இடமோ?
– திருநெல்வேலி கடைக்காரர்

பதில்: தம்பி, 1974 இல கம்பஸ் வந்த நாளில இருந்து அந்தப் பக்கத்துக் கடையளின்ர சீவியம் அப்பிடித்தான். பரமேஸ்வராச் சந்தியைச் சுத்தி போர்டிங்கில இருக்கிற பிள்ளையளை ஆக்கள் எண்டு எண்ணலாம், ஆனா வருசத்தில எத்தனை மாதம் எண்டு போட்டு எண்ணவேணும். எட்டு மாதம் நிண்டா மூண்டு பிள்ளை ரெண்டு ஆள். அதிலயும் அவை சமைக்கிறது குறைவு, உங்களிட்ட வாங்கிறது நூடில்ஸ், பிஸ்கற், போன் ரீலோட், பேனை, குளிரான தண்ணி. அரிசி மூட்டையை அவைக்கெண்டு அடுக்கி வைக்காதையுங்கோ.

நான் உங்கட இடத்தில இருந்தா கடையின்ர அத்திவாரத்தை அங்கத்தைய வீட்டுக்காரரிலதான் வைப்பன், போர்டிங் நடத்திற அம்மாமார், சந்தைக்குப் பக்கத்தில பரம்பரையா இருக்கிற குடும்பங்கள். அவையின்ர மாதச் செலவில வாடகையும் கரண்டும் கட்டுப்படவேணும், பிள்ளையளின்ர காசு மேலதிகமா வாறது எண்டு நினைச்சு அதில ஒரு பங்கை லீவு மாதத்துக்கு எடுத்து வைக்கவேணும். கொரோனா நேரம் கம்பஸ் மூடினபோது தாக்குப் பிடிச்சது அயலட்டை வீடுகள் வந்துபோன கடையள்தான், உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இன்னொண்டு, கதிரை நாலு போட்டு பின்னேரம் பிளேன்ரீயும் வடையும் விக்கலாமோ எண்டு பாருங்கோ, சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ இட்டக் கேட்டுப்போட்டு.

கேள்வி: குருநகர் தொடர்மாடிக்குப் பக்கத்தில சின்னக் கடை. ஆக்கள் நெருக்கமா இருக்கினம், கடைக்கு வராத ஆளில்லை, எண்டாலும் மாதக் கடைசியில கையில ஒண்டும் நிக்கிறதில்லை. ஏன்?
– குருநகர் வாசகி

பதில்: ஆக்கள் காணும் அம்மா, அவையின்ர கையில காசு வாற நாள்தான் ஒழுங்கில்லை. உங்களுக்கு ஒரு பக்கம் கடல், அந்தப் பக்கத்தில இருந்து ஒரு வீடும் வராது, ஆனா மாடி வீடுகள் அதை ஈடுசெய்து மேலயும் குடுக்குது. பிரச்சினை தொழில். கடல் நல்லா இருந்தா அண்டைக்கே காசு, வாடைக்காற்று எழும்பி வள்ளம் இறங்காட்டி எல்லா வீடும் ஒரே நேரத்தில கடன் கேக்கும். ரீச்சர் வீடும் ட்ரைவர் வீடும் கலந்த ஒழுங்கையில ஒருத்தருக்கு இல்லாத நேரம் மற்றவருக்கு இருக்கும், உங்களுக்கு எல்லாருக்கும் ஒண்டாத்தான் இல்லாமல் போகும். கார்த்திகை மார்கழிக்கு முன்னமே சாமானைக் குறைச்சு காசா வைச்சிருங்கோ, அந்த ரெண்டு மாதம் அரிசி, மா, சீனி, பருப்பு மட்டும் கடனுக்கு, சோடாவும் பிஸ்கற்றும் காசுக்கு எண்டு சொல்லி எழுதி ஒட்டுங்கோ. உங்கட சனம் நேர்மையான சனம், மீன் பட்டால் கொண்டுவந்து தருவினம், நீங்கள் அது மட்டும் தாக்குப் பிடிக்கவேணும்.

கேள்வி: எங்கட சந்தியில சூப்பர் மார்க்கெற் வரப்போகுதாம். என்ர கடை அதில இருந்து 200 மீற்றர். வித்துப்போட்டு விலகிறது நல்லமோ?
– சுண்டுக்குளி கடைக்காரர்

பதில்: விக்காதையுங்கோ அண்ணை, அவசரப்படாதையுங்கோ. சூப்பர் மார்க்கெற்றுக்கு உங்கட ஒழுங்கைச் சனம் காணாது, ஏசியும் லைற்றும் சம்பளமும் கட்ட அவைக்கு சுத்துவட்டாரத்தில இருந்து பைக்கிலயும் காரிலயும் வாற ஆயிரக் கணக்கான வீடு வேணும். ஆனபடியால அவை குறி வைக்கிறது மாதச் சாமானை. 2013 இல ஆஸ்பத்திரி வீதியில கார்கில்ஸ் கட்டடம் திறந்த பிறகும் ஒழுங்கைக் கடை இருக்குத்தானே, 2022 இல பெற்றோல் லீற்றர் 470 ரூபா வரைக்கும் ஏறி, கியூ.ஆர் பங்கீட்டில பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டு தந்த நேரம் ரவுணுக்குப் போறதை விட்டிட்டுச் சனம் நடந்து வந்தது உங்களைப் போல கடையளுக்குத்தானே. தூரம் போக செலவு கூடினா பக்கத்துக் கடைக்கு ஆக்கள் கூடுவினம், குறைஞ்சா குறைவினம்.

உங்களுக்கு அடி விழப்போறது பெரிய பக்கற்றுகளில. ரெண்டு கிலோ சலவைத் தூள், அஞ்சு லீற்றர் எண்ணெய், பெரிய பால்மாப் பக்கற், இதுகளை அவை கழிவில போடுவினம், நீங்கள் அந்த விலைக்குக் குடுக்கேலாது, ஆனபடியால இப்ப இருந்தே அதுகளை எடுக்கிறதைக் குறையுங்கோ. அந்த ராக்கையில உதிரியா விக்கிற சாமானை வையுங்கோ, உள்ளூர் மா, தூள், எள்ளுருண்டை, பனங்கட்டி, பக்கத்து வீட்டு அக்காமார் செய்யிற ஊறுகாய், அப்பளம். கடையை விடிய ஆறு மணிக்குத் திறவுங்கோ, இரவு அவை பூட்டின பிறகும் கொஞ்ச நேரம் திறந்திருங்கோ. அவை திறந்த புதுசில வியாபாரம் இறங்கத்தான் செய்யும், சனம் புதுக்கடை பாக்கப் போகும். ஆறு மாதம் கொப்பியைப் பாருங்கோ. வாற வீடுகளின்ர எண்ணிக்கை குறையாமல் ஒவ்வொரு வீடும் வாங்கிறது மட்டும் குறைஞ்சிருந்தா சாமானை மாத்தித் தொடர்ந்து நடத்துங்கோ. வீடுகளே குறைஞ்சிருந்தா அப்ப எனக்குத் திரும்ப எழுதுங்கோ, கொப்பியில இருக்கிற கணக்கையும் சேர்த்து அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்.